புள்ளலூருக்குப் போகாத தளபதி

1

நவம்பர் மாதம் வந்தால் எங்கள் டிப்போவில் எல்லோர் சட்டையிலும் ஒரு சிவப்புக் காகிதப் பூ முளைத்துவிடும். போரில் செத்தவர்களின் நினைவாகக் குத்திக்கொள்வது. இங்கிலாந்தின் வடக்கே, பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போகாத ஒரு ஊரில், பஸ் டிரைவர்களுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுக்கும் வேலையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். பூ குத்தாமல் வருகிறவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மார்பை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து முதல் வருஷமே நானும் குத்திக்கொண்டேன். பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் எல்லோரும் தலைகுனிந்து நிற்பார்கள். மூன்றாவது நிமிஷம், போன வாரத்து லீவுச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இந்தத் துக்கத்துக்கென்று சுற்றுலாவும் இருக்கிறது. பஸ்ஸில் ஏற்றி, கப்பலில் கடல் தாண்டி, பிரான்ஸுக்குக் கொண்டுபோய்க் கல்லறை கல்லறையாகக் காட்டுவார்கள். டிப்போ ஆட்களோடு ஒருமுறை நானும் போனேன். எங்கள் வழிகாட்டிக் கிழவர் ஒரு கல்லறைக்கு முன்னால் நின்று பேசும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ் டிரைவர் சொன்னான்: அவர் எப்போதுமே அந்தக் கல்லறையில்தான் அழுவாராம், அங்கேதான் பஸ்ஸை நிறுத்த இடம் இருக்கிறதாம். அழுகை முடிந்ததும் கடையில் அரைமணி நேரம் விட்டார்கள். பீரங்கிப் படம் போட்ட காபிக் கோப்பை, ஹெல்மெட் வடிவத்தில் சாக்லேட். நான் ஒரு சாவிக்கொத்து வாங்கினேன். அதை ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் கோமாளித்தனம் என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் நம்ம காஞ்சிபுரத்திலேயே அப்படி ஒரு சுற்றுலாவுக்குப் போய்வந்த பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

2

போன மாதம் நான் ஊருக்கு வந்தது போர்க்களம் பார்க்க அல்ல. அம்மாவின் ஐந்தாவது வருஷத் திதி கொடுக்க. அதுவும் என் கையால் கொடுக்க.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி போட வேண்டும், அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர். அண்ணன் தேவராஜன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கிறார். அவருக்கு எட்டு வயது இளையவன் நான். அம்மா போனபோது என்னை எதிர்பார்த்து ஒன்றரை நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் போகவில்லை. அண்ணன்தான் கொள்ளி போட்டார். நான் அதை இங்கே சமையலறை மேஜையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை படம் நின்று நின்று வந்தது.

ஏன் போகவில்லை என்றால், நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. "கவர்ன்மென்ட் புடிச்சி வச்சிருக்கான்ண்ணா, குடுக்க மாட்டேன்றான்" என்று அண்ணனிடம் போனில் அழுதேன். அழுகை நிஜம். சொன்னது பொய். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் விண்ணப்பம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏழு வருஷம் ஒவ்வொரு படிவமாக நிரப்பி, எந்தெந்தத் தேதியில் எங்கே தூங்கினேன் என்றுகூட எழுதிக் கொடுத்து, கடைசிப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா செத்துப்போய்விட்டாள், இனி நான் போய் என்ன ஆகப்போகிறது என்று கணக்காக யோசித்தேன். இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. அன்றைக்குக் கேக் வெட்டினோம்.

அண்ணன் இந்த ஐந்து வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாரா வாரம் போனில் பேசுவார். வெயில், மழை, தறியில் ஏற்றுகிற பாவு, என் மகள் படிப்பு. அவர் என்னை நம்பிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கொள்ளிதான் போடவில்லை, திதியாவது கொடுத்தால் மனசு ஆறும் என்று இந்த வருஷம் தேதி பார்த்து டிக்கெட் எடுத்தேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, மகள் மீனாவை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். "நான்தாண்ணா இந்த வாட்டி குடுப்பேன்" என்று போனிலேயே சொன்னேன். "வா வா, மொதல்ல வந்து சேரு" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

3

மீனாவுக்குப் பதினாறு வயது. நாலு வயதில் அங்கே போனவள். தமிழ் புரியும். பேசினால் மனுஷனும் மாடும் மழையும் எல்லாம் "அவன்"தான். கோவில்கள் அவளுக்குச் சலிப்பு, பட்டுக் கடைகள் அதைவிடச் சலிப்பு. வரலாறு மட்டும் பிடிக்கும், அதிலும் ஆட்கள் கூட்டமாகச் சாகிற வரலாறு. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் தேடி, சென்னையிலிருந்து வந்து நடத்தும் ஒரு போர்க்களச் சுற்றுலாவில் மூன்று பேருக்கு இடம் போட்டுவிட்டாள். மூன்றாவது ஆள் பெரியப்பா. திதிக்கு முதல் நாள்தான் அந்தச் சுற்றுலா.

"பெரியப்பா, புள்ளலூர்ல பெரிய சண்டை நடந்தான்" என்றாள்.

"நடந்தானா? சரிமா, நாமளும் நடந்துக்கினே போயி பாக்கலாம்" என்று அண்ணன் சிரித்தார். அப்புறம் என்னிடம், "புள்ளலூர்ல என்னாடா இருக்குது? வயலும் ஏரியும் இருக்குது. நம்ம பெரிய மாமா பொண்ணு எடுத்த ஊரு. அத்தப் பாக்க சீட்டு எழுதி வேன்ல இட்டுக்கினு போறாங்களா?" என்றார்.

வயலைப் பார்க்க அவ்வளவு சம்பிரதாயம். எனக்கும் மீனாவுக்கும் பாஸ்போர்ட் நகல், அண்ணனுக்கு ஆதார். "போரில் உயிரிழந்தோர் பற்றிய காட்சிகள் மனத்தைப் பாதிக்கலாம், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு தாளில் கையெழுத்து. சண்டை நடந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, யார் மனத்தை எது பாதிக்கப்போகிறதோ. கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். இந்தியர்களுக்கு நீலம், வெளிநாட்டவருக்கு மஞ்சள். பிறந்து வளர்ந்து பல்லு முளைத்த ஊரில், இப்போது இங்கிலாந்துப் பாஸ்போர்ட்காரனாகிவிட்ட நான் மஞ்சள் அட்டையோடு நின்றேன். அண்ணன் தன் நீல அட்டையையும் என் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேனில் ஏறினார்.

வேனில் ஒரு வயதான இங்கிலீஷ் தம்பதி இருந்தார்கள். உலகத்தில் எங்கே மனிதன் வெட்டுப்பட்டிருந்தாலும் டப்பாவில் ரொட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற சாதி. மீதி இருக்கைகளில் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இளைஞர்கள். தங்கள் சொந்தத் தாத்தா பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியலுக்கு விரிவு தெரியாது, அந்தச் சண்டையில் மைசூர்க்காரன் விட்ட ராக்கெட்டின் நீளம் தெரியும். வழிகாட்டி நாற்பது வயதுக்காரர், வேட்டைக்குப் போகிறவர் போல ஒரு தொப்பி, காதோரம் மைக். பத்து பேர் உட்கார்ந்திருந்த வேனுக்குள் மைக் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம்.

நானும் அங்கே யோக்கியன் இல்லை. "பிரான்ஸில் இதைவிட நன்றாகச் செய்வார்கள்" என்று இரண்டு முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

4

நினைவுச் சின்னம் என்றதும் மீனா எதையோ பெரிதாக எதிர்பார்த்திருந்தாள். வயல் நடுவில் காரை பெயர்ந்த இரண்டு தூண்கள், தள்ளித் தள்ளி நிற்கின்றன. சுற்றிலும் முள். அதிலும் ஒரு கூத்து இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினிப் படையை மைசூர்ப் படை சுற்றி வளைத்து அடித்த அந்தப் பெரிய சண்டையில் செத்தவர்களுக்கான தூண்கள் அல்ல அவை. அடுத்த வருஷம் அதே இடத்தில் நடந்த இன்னொரு சண்டையில் செத்த இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கானவை. பெரிய சண்டையில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துச் சிப்பாய்கள். அவர்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. இதை வழிகாட்டி இருமுவது போலச் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்தார். டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தூண் காட்டியாக வேண்டுமே.

இங்கிலீஷ் அம்மா தன் பையிலிருந்து காகிதப் பூவாலான சின்ன வளையம் ஒன்றை எடுத்துத் தூணின் அடியில் வைத்தாள். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். ஐயாயிரம் மைல் தாண்டி ஓடிவந்தால் அந்தப் பூ இங்கேயும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வழிகாட்டி தொப்பியைக் கழற்றி இரண்டு நிமிஷ மௌனம் என்றார். எல்லோரும் தலைகுனிந்தோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வரப்போரம் வந்து நின்றாள். "இன்னா நைனா, ஷூட்டிங்கா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"இல்லம்மா. செத்தவங்களுக்கு மரியாத பண்றாங்க" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"அய்யய்யோ, யாரு செத்தாங்க? எங்களுக்குச் சொல்லவே இல்லியே!"

இளைஞர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மௌனம் அத்தோடு முடிந்தது. அன்று முழுக்க அந்த இடத்தில் பேசப்பட்ட உருப்படியான வாக்கியம் அந்த அம்மாளுடையதுதான்.

பிறகு வழிகாட்டி சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். கும்பினிப் படை இரண்டு பிரிவாக இருந்தது. சின்னப் பிரிவு வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. பெரிய பிரிவும் அதன் தளபதியும் காஞ்சிபுரத்தில் முகாம். இரண்டும் சேர்ந்துவிட்டால் பிழைத்தார்கள். சேருவதற்குள் சின்னப் பிரிவு இங்கே, புள்ளலூரில் மைசூர்ப் படையிடம் மாட்டிக்கொண்டது. வெடிமருந்து வண்டிகள் பற்றிக்கொண்டன. அடைத்து வைத்து அடித்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்த தளபதி நேரத்துக்கு வந்து சேரவில்லை.

அதுவரை தூணைச் சுற்றி வந்து சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார்.

"காஞ்சிபுரத்துல இருந்து இங்க எத்தினி தூரம் சார்?"

"இருக்கும், ஒரு பதினஞ்சு கிலோமீட்டர்."

"சத்தம் கேட்டிருக்கும் இல்ல?"

"கேட்டுது சார். பீரங்கிச் சத்தம் நல்லாவே கேட்டுது. கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்தாங்க. வழியில புகையும் பாத்தாங்க. அப்புறம் காஞ்சிபுரத்துக்கே திரும்பிட்டாங்க."

"ஏன்?"

"அங்கதான் அரிசி மூட்டை, பெரிய பீரங்கி எல்லாம் இருந்துது. இங்க வந்தா அதெல்லாம் போயிடும்னு பயம். ரிப்போர்ட்ல அப்படித்தான் காரணம் எழுதினாங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றேன். அதோடு விடவில்லை. கூட்டாளி செத்துக்கொண்டிருக்கிற சத்தம் காதில் விழ விழ அரிசி மூட்டைக்குக் காவல் இருந்தவனெல்லாம் ஒரு தளபதியா, பேடிப் பயல், இவனுக்குத் தூண் வைத்து அதில் காறித் துப்பச் சொல்ல வேண்டும் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு பிரசங்கம் செய்தேன். இங்கிலீஷ்காரர் தலையாட்டினார். இளைஞர்களில் ஒருவன் என்னைப் படம் பிடித்தான். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா, இன்னொருவனைக் கோழை என்று சொல்வதற்கு!

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. வழிகாட்டியைத்தான் கேட்டார்: "அந்த அரிசி, பீரங்கியெல்லாம் கடைசில என்னா ஆச்சி?"

"பீரங்கியக் குளத்துல தள்ளிட்டு மெட்ராஸுக்கு ஓடினாங்க சார். தளபதி அப்புறம் சீமைக்குப் போயி ரொம்ப நாள் நல்லாத்தான் இருந்தார்."

"இருப்பாரு" என்றார் அண்ணன்.

அப்போதுதான் மீனா வாயைத் திறந்தாள். அவளுக்கு இதில் நியாய அநியாயம் எதுவும் இல்லை, பாடத்தில் ஒரு விஷயம் புரிந்துவிட்ட சந்தோஷம், அவ்வளவுதான். "ஆயா செத்தான்ல, அப்போ அப்பா மாதிரி, பெரியப்பா" என்றாள். "அப்பா பாஸ்போர்ட் கேட்டா குடுப்பாங்க. ஆனா கேட்டா அப்ளிகேஷன் போயிடுவான். அதனால அப்பா கேக்கலை."

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அதை நானும் மனைவியும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், இங்கிலீஷில், அவளை வைத்துக்கொண்டே. ஊரில் அது ரகசியம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்றே அவள் நினைத்திருக்கிறாள்.

அது சரியாகவும் இருந்தது. "தெரியும்மா" என்றார் அண்ணன். அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு வேனை நோக்கி நடந்தார்.

5

திரும்பும்போது வேனில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீனா முன்னால் இங்கிலீஷ்காரர்களோடு பேசிக்கொண்டு வந்தாள். அவர்களோடு பேசும்போது அவளுக்குக் கையெல்லாம் பேசும். காஞ்சிபுரத்துக்குப் பாதி வழி வந்த பிறகு கேட்டேன்.

"எப்போண்ணா தெரியும்?"

"அம்மா போறதுக்கு மின்ன வருஷமே தெரியும்" என்றார். எனக்குப் புரியாததைப் பார்த்து அவரே சொன்னார். "ஐயம்பேட்டையில ஒருத்தரு தவறிட்டாரு. அவரு மவன் உங்க ஊருதான், உன்ன மாதிரியே பேப்பரு போட்டுக்கினு இருந்தான். வாபஸ் வாங்கிக்கினு மூணா நாளு வந்து நின்னான். நான் அந்தச் சாவுக்குப் போயிருந்தேன். அவன் வாயாலயே கேட்டேன். அதனால நீ போன்ல சொல்லும்போதே தெரிஞ்சிபோச்சி."

"ஒரு வார்த்த திட்டியிருக்கலாமே."

"இன்னாத்துக்கு? நீ வர மாட்டேன்னு ஆயிடுச்சி. திட்டினா வந்துடுவியா?" ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "தெருவே வந்து நிக்கிது. சின்னவன் எங்க, சின்னவன் எங்கன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. கவர்ன்மென்ட்டுல அடச்சி வச்சிருக்கான், பாவம், புள்ள அங்க துடிச்சிக்கினு இருக்குதுன்னு சொன்னேன். அம்மா தலமாட்டுல நின்னுக்கினு சொன்னேன்டா. உனுக்காகச் சொல்லல. அவ காதுல உழுந்துடப் போவுதேன்னு சொன்னேன்."

நான் அழுதேன். வெட்கமாக இருந்தது. அழுததற்காக அல்ல, அரைமணி நேரத்துக்கு முன்னால் அந்த வயலில் நின்று பேசிய பேச்சுக்காக. இத்தனை வருஷமாக நான் ஏளனம் செய்து வந்த ஒவ்வொருவர் முகமும், பிரான்ஸில் அழுத கிழவர் உட்பட, எனக்கு நினைவு வந்தது. அந்தக் கிழவராவது ஒவ்வொரு முறையும் அங்கே போய் நின்று அழுதார்.

"மன்னிச்சிடுண்ணா. நாளைக்கு நான் நல்லபடியா..."

"அத்த உட்றா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "நாளைக்கு நானே குடுத்துடறேன். ஐயரு கிட்டயும் போன வாரமே சொல்ட்டேன். காலைல சர்வதீர்த்தக் கொளத்துல முடிச்சிட்டு வந்துடுவேன். நீயும் பாப்பாவும் பன்னண்டு மணிக்கா சாப்பாட்டுக்கு வந்துடுங்க."

மகளுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்று சொல்லி லாட்ஜில் தங்கியிருந்தோம். எனக்கும்தான் வராது. லாட்ஜ் வாசலில் எங்களை இறக்கிவிட்டார்கள். அண்ணன் கழுத்து அட்டையைக் கழற்றி வழிகாட்டியிடம் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளையார்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார். தறியில் பாதி வேலை நிற்கிறதாம்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் போனோம். தெருக்காரர்கள், பங்காளிகள் வந்திருந்தார்கள். இரண்டு மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு உன்ன உடல இல்ல அந்தப் பாவிங்க" என்று எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் தலையாட்டினேன்.

திதி வீட்டில் வெளி ஆட்களுக்குத்தான் முதல் பந்தி. பெற்ற பிள்ளைகள் பட்டினி கிடந்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறி முடித்து, கடைசியில் உட்காருவார்கள். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை எடுக்கப் போனேன். அண்ணி வழியில் வந்து நின்றாள்.

"வாங்க தம்பி, உங்களுக்கு எல போட்டாச்சி. உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். ஈர வேட்டியோடு, நெற்றியில் பட்டை விபூதியோடு, வெறும் வயிற்றோடு அண்ணன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார். என் இலைக்கு முன்னால் குனிந்து, மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு ஊற்றி, "போதுமாப்பா?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.